உபுண்டு, குபுண்டு, ஸுபுண்டு: ஒலிச் செயலிகளை மூன்றிலும் ஒரே மாதிரி அடுக்குவது எப்படி?

தோபாயோ_தம்பி:
சமூக மன்றத்தில் ஒலிப்பதிவு செய்யும் தொண்டூழியர்களுக்கு மூன்று மடிக்கணினிகள். மூன்றும் உபுண்டு லினக்ஸ் வகைகள், டெஸ்க்டாப் சூழல்தான் வேறு: உபுண்டுவில் க்னோம், குபுண்டுவில் கேடிஈ பிளாஸ்மா, பழையதில் உள்ள ஸுபுண்டுவில் எக்ஸ்எஃப்சிஈ. மூன்றிலும் ஆர்டர், ஆடாசிட்டி (பதிவுக்கு), ஹைட்ரஜன் (மேளத்துக்கு), கார்லா (பிளகின்களை இயக்க), கியூபிடபிள்யூகிராஃப் (ஒலி இணைப்புகளுக்கு).

எக்ஸ்எஃப்சிஈ-யில் எல்லாம் ‘மல்டிமீடியா’வுக்குள் வீடியோ பிளேயர்களோடு குவிந்து கிடக்கின்றன. க்னோமில் பிரிவே இல்லை. குபுண்டுவில் ஃபிளாட்பேக்காக (செயலியைத் தனிப்பெட்டியாக நிறுவும் முறை) போட்ட ஆடாசிட்டி மெனுவில் வரவே இல்லை. ‘ஒலிப்பதிவு’ என்று தனிப் பிரிவு வேண்டும். ஒரு கணினியில் செய்ததை மற்றவற்றுக்கும் கொண்டுபோக முடியுமா?

பொங்கோல்வாசி:
பாதி முடியும். எந்தச் செயலி எந்தப் பிரிவு என்பது அதனதன் டாட் டெஸ்க்டாப் கோப்பில் (செயலியை மெனுவில் காட்டும் சிறு உரைக்கோப்பு), ‘கேட்டகரிஸ்’ என்ற வரியில் இருக்கிறது. அந்தக் கோப்பு மூன்று சூழலுக்கும் பொது. பிரிவை எப்படிக் காட்டுவது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ்: கணினி முழுவதற்குமான கோப்புகள் அங்கே. அங்கேயே திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். வேண்டியதை மட்டும் ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்துக்குப் பிரதியெடுங்கள். கோப்பின் பெயர் எழுத்துக்கூட மாறக்கூடாது; பெயர் ஒன்றாக இருந்தால்தான் உங்கள் பிரதி மூலத்தை மறைக்கும், மாறினால் மெனுவில் ஒரே செயலி இரண்டு முறை நிற்கும்.

கேட்டகரிஸ் வரியின் கடைசியில் உங்கள் சொந்தப் பிரிவைச் சேருங்கள். சொந்தப் பெயர் ஆங்கில எக்ஸ் எழுத்தும் ஒரு சிறுகோடுமாகத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அரைப்புள்ளி. அதை விட்டால் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்த இரண்டு பிரிவிலும் சேராது. முடித்ததும் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கட்டளை கொண்டு சரிபாருங்கள்.

பிறகு சூழல்வாரியாக:

க்னோம்: ஒரு ஐகானை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டாலே ஃபோல்டர் வரும். ஆனால் புதிதாக நிறுவுவது தானாக அதற்குள் போகாது. ஜிசெட்டிங்ஸில் (க்னோம் அமைப்புகளை மாற்றும் கட்டளை) ஆப்-ஃபோல்டர்ஸ் பகுதியில் ஃபோல்டரை உருவாக்கி, அதன் ‘கேட்டகரிஸ்’ மதிப்பில் உங்கள் பிரிவைக் கொடுத்தால் தானாகவே சேரும்.

எக்ஸ்எஃப்சிஈ: ஈடிசி, எக்ஸ்டிஜி, மெனுஸ் பாதையில் உள்ள எக்ஸ்எஃப்சிஈ-அப்ளிகேஷன்ஸ் டாட் மெனுவை ஹோமில் டாட் கான்ஃபிக், மெனுஸ் என்ற இடத்துக்குப் பிரதியெடுத்து, புதிய பிரிவை எழுதுங்கள். மல்டிமீடியா பகுதியில் ‘எக்ஸ்க்ளூட்’ போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே செயலி இரண்டு இடத்திலும் தெரியும். அந்தக் கோப்பின் எக்ஸ்எம்எல் வடிவம் பிடிக்காதவர்களுக்கு மெனுலிப்ரே என்ற மெனு திருத்தி இருக்கிறது.

கேடிஈ: கேமெனுஎடிட் என்ற மெனு திருத்தியில் புதிய துணைமெனு, இழுத்துப் போட்டு, சேமிப்பு. சுலபம்தான், ஆனால் அந்த அடுக்கு கேடிஈ-க்கு மட்டும். க்னோமுக்கு அது தெரியவே தெரியாது.

நள்ளிரவு_மிக்சர்:
குபுண்டு ஆடாசிட்டி: ஃபிளாட்பேக்கை நிறுவிய பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வந்தீர்களா? ஃபிளாட்பேக்கின் கோப்புகள் வேறு பாதையில் இருக்கின்றன. அந்தப் பாதை லாகின் நேரத்தில்தான் எக்ஸ்டிஜி டேட்டா டிர்ஸில் (மெனு தேடும் பாதைகளின் பட்டியல்) சேர்கிறது. அப்படியும் வராவிட்டால் மெனுவைப் புதுப்பிக்கும் கேபில்ட்சைகோகா6 கட்டளையை ஓட்டுங்கள். பிளாஸ்மா 5 என்றால் பெயரின் கடைசியில் 5.

அந்தக் கோப்பைப் பிரதியெடுத்துத் திருத்தினால் ‘எக்ஸெக்’ வரியைத் தொடாதீர்கள், ‘ஃபிளாட்பேக் ரன்’ அங்கேதான் இருக்கிறது. ஏபிடி (உபுண்டுவின் வழக்கமான நிறுவல் முறை) வழியிலும் ஆடாசிட்டி இருந்தால் இரண்டு ஐகான் வரும். ஒன்றின் பிரதியில் ‘நோடிஸ்ப்ளே’யை ட்ரூ ஆக்குங்கள்.

இன்னொன்று. பத்துப் பதினைந்து செயலிகளுக்கு மெனுவை இவ்வளவு செதுக்க வேண்டுமா என்பது என் சந்தேகம். அதே டெஸ்க்டாப் கோப்பில் ‘கீவேர்ட்ஸ்’ வரியில் ஒலி, பதிவு, மேளம் என்று தமிழிலேயே சேருங்கள். ‘மேளம்’ என்று தட்டினால் ஹைட்ரஜன் வரும். மெனு மொழி ஆங்கிலமாக இருந்தாலும் மொழிக்குறி இல்லாத கீவேர்ட்ஸ் வரியில் எழுதினால் போதும். மெனுவே தமிழில் வேண்டுமென்றால் மொழிக்குத் தமிழ்-இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்-சிங்கப்பூர் என்ற லொக்கேல் (மொழி-நாடு அமைப்பு) லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியில் இல்லை, இருப்பவை இந்தியாவும் இலங்கையும்தான். தேதி, நாணய வடிவத்துக்கு மட்டும் ஆங்கிலம்-சிங்கப்பூர் வைத்துக்கொள்ளலாம்.

தோபாயோ_தம்பி:
லாக் அவுட்தான் மருந்து, ஆடாசிட்டி வந்துவிட்டது. கீவேர்ட்ஸ் யோசனை அருமை. எல்வி2 பிளகின்கள் (ஒலிச் செயலிக்குள் இயங்கும் துணைக்கருவிகள்) எதுவும் மெனுவில் தெரியவில்லையே, அதற்கும் இதே வழியா?

பொங்கோல்வாசி:
இல்லை. பிளகினுக்கு டெஸ்க்டாப் கோப்பு கிடையாது. ஆர்டருக்குள்ளோ கார்லாவுக்குள்ளோதான் தேட வேண்டும். ஆர்டர் ஃபிளாட்பேக்காக இருந்தால் ஏபிடியில் போட்ட பிளகின்களைப் பார்க்காது. ஃபிளாட்பேக்கின் லினக்ஸ்ஆடியோ பிளகின்ஸ் நீட்சியாக வருபவற்றைத்தான் எடுக்கும். ஆகவே ஆர்டரையும் பிளகின்களையும் ஒரே வழியில் நிறுவுங்கள். என்ன பிளகின் இருக்கிறது என்று தேட, ஏபிடி ஷோவில் மல்டிமீடியா-ரெக்கார்டிங், மல்டிமீடியா-மிடி, மல்டிமீடியா-கிட்டார் ஆகிய டெபியன் தொகுப்புகளைப் பாருங்கள். நிறுவ வேண்டாம், பட்டியலைப் படித்தாலே போதும். முழுதாகப் போட்டால் மெனு மறுபடி சந்தைக்கடைதான்.