ஆசிரியர் பயிற்சி முடித்து நடத்திய முதல் வகுப்பு: இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

ஏழாம் வகுப்பு
பாடக்குறிப்பு நிமிடக் கணக்கோடு கையில் இருந்தது. ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையனும் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே வந்துகொண்டிருந்தான். கிட்டே போய்ப் பார்த்தால், வாசிக்கிற வரி மேலே, அவன் விரல் படத்துக்குக் கீழே. பக்கத்துப் பையன் தாளைத் திருப்பினால் இவனும் திருப்பினான். இவன் முறை வந்தது. எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. கற்றல் நோக்கங்களைப் படிநிலையாக அடுக்கும் ப்ளூமின் 1956 வகைப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை எப்படி வாசிக்க வைப்பது என்று பயிற்சியில் ஒரு நாளும் பேசவில்லை. "உட்காருப்பா" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

அறிவியல் ஆசிரியர்
நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது சின்னக் குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவதை, யாருமே சொல்லவில்லையே! எங்கள் பயிற்சியில் கூடப் படித்தவர்களே 'பிள்ளைகள்'. ஆறு நிமிடம் ஒளிச்சேர்க்கை நடத்தினேன், எல்லாரும் பட்டென்று கை தூக்கினார்கள். நிஜ வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ ராத்திரி செடிக்குப் பசிக்காதா சார்?" திகைத்து நின்றேன். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கியபோது உண்மையான பள்ளிப் பிள்ளைகளை வைத்துத்தான் நடத்தினார்கள். நாம் பிள்ளைகளை எடுத்துவிட்டோம், மதிப்பெண் தாளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இருபத்தைந்தாம் வருடம்
எல்லாவற்றுக்கும் பயிற்சியையே குறை சொல்வது சரியில்லை. எனக்கும் முதல் மாதம், கேள்வி கேட்டால் வகுப்பு ஊமையாக இருக்கும். நானே பதில் சொல்லிவிடுவேன். கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1974இல் எழுதினார்: ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அது மூன்று நொடியானதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இன்னொன்று, பெயர் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். முதலில் கேள்வி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் பெயர். பதில் வரும்வரை கரும்பலகைப் பக்கம் திரும்பவே கூடாது.

ஏழாம் வகுப்பு
ஐயா, சொன்னதெல்லாம் சரி. ஆனால் வாசிக்கத் தெரியாதவனுக்கு அது இன்னும் மூன்று நொடி எல்லார் முன்னாலும் நிற்பது. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் வழி சொன்னார்: அவன் வாசிக்கப் போகிற இரண்டு வரியை முந்தின நாளே தனியாக உட்காரவைத்துப் பழக்கு, அப்புறம் கூப்பிடு. போன வியாழக்கிழமை வாசித்தான். குரல் முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது. விரல் மட்டும் சரியான வரியில் இருந்தது.