பூனை பெட்டியை விட்டு வெளியே போனால்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

சாம்பல்குட்டி அம்மா, சென்னை

எங்கள் குண்டன் 4 வயதுக் கடுவன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எப்போதோ ஆகிவிட்டது. குட்டியாக வந்த நாளிலிருந்து பால்கனியில் இருக்கும் லிட்டர் பெட்டியில்தான் (பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக மண் போட்டு வைக்கும் பெட்டி) போவான், மூடுவான், பின்னங்காலை உதறிவிட்டு ராஜா மாதிரி உள்ளே வருவான். போன மார்கழியில் திடீரென்று குளியலறை மிதியடியில் போக ஆரம்பித்தான். அடுத்து வாஷ்பேசின். அதற்கடுத்து என் கணவரின் லேப்டாப் பை.

"நீ ஊருக்குப் போயிட்டு வந்ததுல கோபம், வேணும்னே பண்றான்" என்றார் மாமியார். வீட்டில் எல்லோருக்கும் இது சரியாகப்பட்டது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மிதியடியில் இருந்த ஈரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை. கோபத்தில் செய்பவன் இவ்வளவு கஞ்சத்தனமாகவா செய்வான்?

அன்று மதியம் பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் போனான், முதுகை வளைத்து நெடுநேரம் முக்கினான், அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான், வெளியே வந்து அந்த இடத்தை நக்கினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே. போய்ப் பார்த்தால் மண் காய்ந்து கிடக்கிறது. தெருமுனை கிளினிக்கில் மலச்சிக்கல் என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். முக்குவதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் போல. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா அடிவயிற்றில் கை வைத்ததுமே முகம் மாறிவிட்டது. "மூத்திரப்பை சாத்துக்குடி மாதிரி கெட்டியா இருக்கு. அடைச்சிருக்கு."

கடுவன்களுக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். அதில் நுண்ணிய படிகங்களும் சளி மாதிரியான கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மூத்திரம் வெளியேறாவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும், ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, அடைப்பைக் கழுவி எடுத்து, ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்தான். இப்போது உலர் தீனி குறைவு, ஈரத் தீனி அதிகம், வீட்டில் மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், யாரும் வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். நிரம்பிய மூத்திரப்பை கிழிந்துவிடும். கடுவன் முக்குகிறான், ஒரு சொட்டோ இரண்டு சொட்டோதான் வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் காலை வரை காத்திருக்கவே கூடாது.

மொட்டைமாடி

அக்கா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை கூட்டிப் போனீர்கள்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. பூனைக்கு உடம்பில் ஒன்றுமில்லை. வில்லன், பினாயில்.

எங்கள் அம்மாவுக்குச் சுத்தம் என்றாலே பினாயில்தான். தரை துடைக்க, பெட்டியைக் கழுவ, பெட்டி வைத்த இடத்தைக் கழுவ, எல்லாவற்றுக்கும் அதே பாட்டில். கழுவிய பெட்டியை மீனு எட்ட நின்று மோந்து பார்க்கும், மூக்கைச் சுளித்துக்கொண்டு நேராகப் பூந்தொட்டிக்குப் போய்விடும். துளசிச் செடிக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் தினமும் உரம். அம்மா விடுவாரா? தொட்டியைச் சுற்றி அந்துருண்டை போட்டார். மீனு கட்டில் மெத்தைக்கு மாறியது.

டாக்டரிடம் போனபோது அவர் பூனையைவிட பினாயிலைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கருப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைச் சரக்கை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாம். பாதத்தில் ஒட்டியதை நக்கினால் போதும். வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் ஆகாது. அந்துருண்டை அதைவிட மோசம், வீட்டைவிட்டே அதை எடுக்கச் சொல்லிவிட்டார். அம்மா முதலில் நம்பவில்லை. "நாப்பது வருஷமா நாம மிதிக்கலையா?" என்றார். நாம் காலை நக்குவதில்லையே அம்மா என்றேன். அதற்கப்புறம் ஒத்துக்கொண்டார், பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது பெட்டிக்கு வெந்நீரும் வாசனை இல்லாத சோப்பும் மட்டும். ஆனால் மெத்தை வாசனை போகவே இல்லை, மழைநாளில் கிளம்பிவிடும். மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, ஈரக்காற்று பட்டால் மறுபடி நாறும், நாற்றம் இருக்கும் இடத்துக்கே பூனையும் திரும்ப வரும். அதற்கென்று விற்கும் என்ஸைம் திரவத்தை நன்றாக ஊறும்படி ஊற்றி, தானாகக் காயவிட்ட பிறகுதான் அடங்கியது. எங்கெங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க, கடைகளில் கள்ளநோட்டு பார்ப்பார்களே, அந்த ஊதா டார்ச் வாங்கினேன். இராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால் சோபாவின் பின்பக்கம் முழுக்க மங்கலாக ஒளிர்கிறது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இரட்டை வால்

சோபா பின்பக்கமா? சகோ, அது மீனுவாக இல்லாமல் இருக்கலாம். சுவர், சோபா முதுகு, பீரோ என்று செங்குத்தான இடத்தில் நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தால் அது எல்லைக் குறி. பெட்டிப் பிரச்சினையே இல்லை. எங்கள் தெருவில் ஒரு தடியன் கடுவன் இரவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான், அவன் வந்துபோன மறுநாளெல்லாம் எங்கள் பூனைப் பையன் கதவில் பீய்ச்சி அடிப்பான். காயடித்த பிறகு பெரும்பாலான கடுவன்கள் நிறுத்திவிடும், இவனும் நிறுத்தினான். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டியதும் உதவியது.

எங்களிடம் இரண்டு பூனைகள். இரண்டு பெட்டி வைத்தேன், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். சின்னது பாவம், பெட்டிக்குள் போனதும் பெரியது வாசலில் படுத்துக்கொள்ளும். அடிப்பதில்லை, முறைப்பதில்லை, சும்மா படுத்திருக்கும். சின்னது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பெட்டிப் பக்கமே போகாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டி பூனைக் கணக்கில் ஒன்றுதான். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வேறுவேறு அறையில் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லா டாக்டரும் சொல்வது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மூன்று பெட்டிக்கு எங்கே போவது என்று கேட்டால் பதில் இல்லை. ஒன்றை அலமாரிக்கு அடியிலும் ஒன்றை வாஷிங் மெஷின் பக்கத்திலும் வைத்தேன். மெஷின் சுழலும் சத்தத்தில் ஒருமுறை அலறியடித்து ஓடியதோடு மெஷின் பக்கப் பெட்டி யாருக்கும் ஆகாமல் போனது, அதை ஹாலுக்கு மாற்றினேன். விருந்தாளிகள் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தேன்மொழியாள்

எனக்கு ஆறாவது மாதம். வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றே: பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடு. மகப்பேறு டாக்டரிடமும் பூனை டாக்டரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் விடச் சொல்லவில்லை. பயம் டாக்ஸோப்ளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அதிலும் நான் அள்ளக் கூடாது, கணவர் அள்ள வேண்டும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் தொற்ற வாய்ப்பு உண்டு, அதைப் பற்றி உறவினர் யாரும் வாய் திறக்கவில்லை!

கணவர் அள்ளுகிறார். முகத்தில் இரண்டு மாஸ்க். லாவெண்டர் வாசனை லிட்டர் வாங்கி வந்து கொட்டினார், பூனை அதில் கால் வைக்க மறுத்துவிட்டது. பழைய வாசனையற்ற பெண்டோனைட் களிமண் லிட்டருக்கே திரும்பிவிட்டோம். அள்ளியதை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டார் ஒருநாள். அந்தக் களிமண் ஈரம் பட்டால் உப்பும், அதுதான் கட்டியாவதன் இரகசியமே. பிளம்பர் வந்துதான் குழாய் திறந்தது. அதிலிருந்து காகிதத்தில் சுருட்டிக் குப்பையில்தான்.

பழனி மலையடி

ஆற்று மணல், மரத்தூள், தேங்காய் நார்த்தூள் எல்லாம் போட்டுப் பார்த்த ஆள் நான். நார்த்தூள் மலிவு, ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் பாதத்தில் ஒட்டி வீடெல்லாம் வரும். மணல் நாற்றத்தைப் பிடித்து வைக்காது. எதற்கு மாற்றுவதானாலும் பழையதில் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து மாற்றுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் அவர்களுக்குப் பிடிக்காது.

எங்கள் கிழவிக்கு 15 வயது. பெட்டியின் வாசலிலேயே, வெளியே, போய்க்கொண்டிருந்தாள். மண் சுத்தம், இடம் அமைதி, ஆபரேஷன் ஆன பூனை, எல்லாம் சரி. பிறகுதான் கவனித்தோம், கட்டிலில் ஏறுவதையும் நிறுத்தியிருந்தாள். மூட்டு வலி. பெட்டியின் விளிம்பு உயரம், காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கத்தை, உள்ளங்கை உயரம் மட்டும் விட்டு அறுத்தேன், அறுத்த ஓரத்தைச் சூடு காட்டி மழுக்கி டேப் ஒட்டினேன். உள்ளே இரண்டரை அங்குலம் மண். டாக்டர் வலிக்கு மருந்தும் எழுதினார். நம் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

டப்பின் படம் கேட்பவர்களுக்கு: அளவு சொல்கிறேன், படம் எடுக்கக் கிழவி டப்பை விட்டு இறங்க வேண்டும். பூனையை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் போதும்.