ஏலகிரி ஏத்தத்துல மட்டும் ஹீட் ஏறுது, ஃபேன் கிளட்ச் போச்சா?

ஆம்பூர்_டீசல்:
டீசல் 10 சீட்டர், பெல்ட்ல ஓடுற ஃபேன். பெங்களூரு ஹைவேல 80ல போனா முள்ளு நடுவுலயே நிக்குது. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதும், காட்பாடி நெரிசல்ல ஏசி போட்டு நின்னாலும் சிவப்புக்குப் போகுது. கூலன்ட் குறையல. முன்னெல்லாம் காலை முதல் ஸ்டார்ட்ல ஃபேன் உறுமும், இப்போ அதுவும் இல்ல. ஃபேனை இஞ்சின் புல்லியோட இணைக்கிற கிளட்ச்சை வெல்டு வச்சு, எப்பவும் சேர்ந்தே சுத்துற மாதிரி டைரக்ட் பண்ணிடலாம்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

குடியாத்தம்_பட்டறை:
வெல்டு வைக்காதீங்க தம்பி. இஞ்சின் ரேஸ் ஆகும்போதெல்லாம் ஃபேனும் புல்லியோட முழு வேகத்துல சுத்தும். பிளேடு விரிசல் விடும், வாட்டர் பம்ப் பேரிங்கும் போகும், மைலேஜும் குறையும்.

கிளட்ச்சுக்குள்ள இருக்கிறது கெட்டியான சிலிக்கான் ஆயில். முன்பக்கம் ரேடியேட்டரைப் பார்த்த மாதிரி ரெண்டு உலோகம் ஒட்டின பைமெட்டல் சுருள் இருக்கும். ரேடியேட்டர் வழியா வர்ற காத்து சூடானா சுருள் திரும்பி வால்வைத் திறக்கும். ஆயில், உள்ள சுத்துற தட்டுக்கும் வெளிக்கூடான ஹவுசிங்குக்கும் நடுவுல இருக்கிற வரிப்பள்ளத்துல போய் ரெண்டையும் இழுத்துப் பிடிக்கும். ஆறினா வால்வு மூடும், ஆயில் திரும்பவும் தன் சேமிப்பு அறைக்கே போகும், ஃபேன் தளர்வா ஓடும்.

ராத்திரி நின்னதுல ஆயில் பள்ளத்துல இறங்கியிருக்கும். அதனாலதான் காலைல ரெண்டு நிமிஷம் உறுமல். அது நின்னுபோச்சுன்னா ஆயில் கசிஞ்சிருக்கணும்னுதான் எனக்குத் தோணுது. ஹைவேல எதிர்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், ஏத்தத்துல ஃபேன் இல்லாம முடியாது. நீங்க சொன்ன அடையாளம் அதோட பொருந்துது. ஹைவேலயும் ஹீட் ஆகியிருந்தா ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட்டைத்தான் முதல்ல பார்ப்போம்.

ராணிப்பேட்டை_ரேடியேட்டர்:
புது கிளட்ச் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. இஞ்சின் ஆஃப், சாவி கையில. சூடா இருக்கும்போதே ஃபேனைக் கையால தள்ளுங்க. பிடிச்சு நிக்கணும், தள்ளின வேகத்துல மூணு நாலு சுத்து ஓடினா தளர்ந்துபோச்சு. பிளேடு நுனியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 6 மி.மீ.க்கு மேல ஆடினா பேரிங் போச்சு. பைமெட்டல் சுருளைச் சுத்தி எண்ணெய்ப் பசையோட தூசி ஒட்டியிருந்தா கசிவு.

ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவுல பஞ்சு, தூசி அடைஞ்சிருக்கும், அதையும் பாருங்க. காத்து வராட்டி சுருளுக்குச் சூடே தெரியாது, நல்ல கிளட்ச்சும் பிடிக்காது. ஃபேனைச் சுத்தி இருக்கிற கூடு (ஷ்ரவுடு) உடைஞ்சிருந்தாலும் ஃபேன் பக்கவாட்டுக் காத்தைத்தான் இழுக்கும்.

ஆம்பூர்_டீசல்:
பார்த்தேன் அண்ணே. சுருளைச் சுத்தி கருப்பா பசை, கையால தள்ளினா தாராளமா சுத்துது, நுனி ஆடல. ஆயில் ஊத்தினா போதுமா?

குடியாத்தம்_பட்டறை:
பேரிங் நல்லாயிருந்தா ஊத்தலாம், ஆனா கசிவு நிக்காது, கொஞ்ச நாள்தான் வரும். டொயோட்டா தன் ஃபேன் கப்ளிங்குக்கு (ஃபேன் கிளட்ச்தான்) 18 மில்லி ட்யூபுல சிலிக்கான் ஆயில் விக்குது, 3000, 10000னு கெட்டித்தன்மை மாறும். இஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊத்தக்கூடாது, பிடிக்கவே பிடிக்காது. உங்க கிளட்ச்சுல கசிவு இருக்கிறதால புதுசு போடுங்க.

பெல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஃபேன் நட்டுகளைத் தளர்த்துங்க, பெல்ட் புல்லியைப் பிடிச்சுக்கும். நடுவுல ஒத்தப் பெரிய நட்டு இருக்கிற மாடல்னா மரை இடமா வலமான்னு பார்த்துட்டு ஸ்பேனர் போடுங்க. புது கிளட்ச்சைப் படுக்க வைக்காதீங்க, வண்டில இருக்கிற மாதிரி நிமிர்த்தி வைங்க. மாட்டினதும் காலை ஸ்டார்ட்ல உறுமுதான்னு கேளுங்க.