பதிவில் படம் சிதறுகிறது, கைபேசியில் திணறுகிறது: கணினியை மாற்ற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, இரண்டு யூஎஸ்பி ட்யூனர்களை (ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குத் தரும் கருவிகள்) செருகி, ஆன்டெனா வழியே வரும் இலவசச் சேனல்களை டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள் மூலம் பதிவு செய்து, வீட்டில் உள்ளவர்கள் ஜெல்லிஃபின் என்ற ஊடக சர்வர் மென்பொருள் வழியாகப் பார்க்கும்படி அமைத்திருக்கிறேன். பதிவான நிகழ்ச்சிகளில் அவ்வப்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறி, ஒலியும் ஒரு நொடி அறுந்துபோகிறது. அதே பதிவைக் கைபேசி உலாவியில் திறந்தால் படம் நின்று நின்று ஓடுகிறது; மடிக்கணினியின் விசிறியோ இரையத் தொடங்கிவிடுகிறது. செயலிக்கு (சிபியு) வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதிய கணினி வாங்க இருக்கிறேன். என் கணிப்பு சரிதானா?

மறுமொழி 1

பொறுங்கள், இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ஒளிபரப்பைப் பதிவு செய்வது என்பது, ட்யூனர் தரும் பொட்டலங்களை (ஒளிபரப்புத் தரவின் சிறு துண்டுகளை) அப்படியே வட்டில் எழுதிவைப்பதுதான். அதில் செயலிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. நொடிக்கு 8 மெகாபிட் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி அளவே பிடிக்கும், அதைப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் தாங்கும்.

சிதறும் பதிவை விஎல்சி என்ற காணொளி இயக்கியில் நேரடியாக இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் அதே நொடியில் சிதறினால், கோப்பிலேயே பொட்டலங்கள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள். 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்திலும் 0 முதல் 15 வரை சுழன்று வரும் ஓர் எண் உண்டு. 6-க்குப் பிறகு 9 வந்தால், இடையில் வந்தவை தொலைந்துவிட்டன. டிவிஹெட்எண்டின் நிலைப் பக்கத்தில் தொடர்ச்சிப் பிழைகள் என்ற கணக்கில் இது ஏறிக்கொண்டே போகும்.

கைபேசித் திணறல்தான் செயலியின் வேலை. உலாவிகளுக்கு எம்பெக்-2 என்ற ஒளிபரப்புக் காணொளி வடிவம் புரியாது என்பதால் ஜெல்லிஃபின் அதை அந்தக் கணமே வேறு வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. விசிறி இரைவது அதனால்தான். வன்பொருள்வழி மாற்றத்தை (இந்த வேலையை வரைகலைச் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) இயக்குங்கள், அல்லது மூல வடிவத்தையே ஓட்டக்கூடிய கோடி (Kodi) என்ற காணொளி மென்பொருளில் பாருங்கள்.

மறுமொழி 2

ஒரே ஆன்டெனாவை ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பிரிக்கும் கருவி) போட்டு இரண்டு ட்யூனர்களுக்கும் பிரித்திருக்கிறீர்களா? சாதாரண ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபல், அதாவது சிக்னலில் பாதிக்கு மேல், தின்றுவிடும்; சிக்னல் மெலிந்தால் பொட்டலங்கள் தொலையும். ஒரே மல்டிபிளெக்ஸில் (ஒரே அதிர்வெண்ணில் சேர்த்து அனுப்பப்படும் சேனல்களின் தொகுப்பு) வரும் சேனல்களை ஒரே ட்யூனரால் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விஎல்சியில் ஓட்டியபோது 12-ஆவது நிமிடத்தில் இரண்டு முறையும் அறிவிப்பாளரின் முகம் அதே இடத்தில் பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. நான் வழக்கமாகப் பதிவு செய்யும் இரண்டு சேனல்களும் ஒரே மல்டிபிளெக்ஸில் இருப்பது தெரிந்ததும், ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு ஒரு ட்யூனரில் மட்டும் ஓட்டினேன். நேற்று இரவு முழுவதும் பிழைக் கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது. கோடியில் படமும் தடையின்றி ஓடுகிறது. ஒரே குறை, நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் கடைசிக் காட்சி பதிவாவதில்லை.

மறுமொழி 2

பதிவு அமைப்புகளில் தொடக்கத்துக்கு முன் 2 நிமிடமும் முடிவுக்குப் பின் 10 நிமிடமும் கூடுதலாக வைத்துவிடுங்கள். ஆனால் அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் வேறு வேறு மல்டிபிளெக்ஸில் இருந்தால் அந்தக் கூடுதல் நிமிடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், அப்போது இரண்டாவது ட்யூனர் மீண்டும் தேவைப்படும். அந்த நிலை வந்தால், சிக்னலை வலுவாக்கும் பெருக்கியை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் அல்ல, ஆன்டெனாவுக்கு அருகிலேயே வையுங்கள். ஏற்கெனவே மெலிந்த சிக்னலைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.