ஓணத்துக்குள் முடியுமா? கணக்குச் சொல்ல உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நாலு பேர் ஒரு பால் சங்கத்துக்கு மென்பொருள் செய்கிறோம். முன்பெல்லாம் மாதக்கணக்கில் "90 சதவீதம் முடிந்தது" என்றே சொல்லிவந்தோம், அது பெரிய தப்பு. இப்போது இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வேலை. சங்கத்து ஆளே பாலின் லிட்டரும் ஃபேட்டும் (கொழுப்பு) தட்டிப் பார்த்து ரசீது சரியாக வந்தால்தான் புள்ளி (வேலையின் அளவுக்கு நாங்கள் போடும் எண்). பாதி வேலைக்குப் பூஜ்யம். நாலு சுற்றில் கிடைத்த புள்ளிகள் 11, 14, 9, 12. மீதி வேலை 69 புள்ளி. சராசரிப்படி 12 வாரம், சுற்றுக்கு 9தான் என்றால் 16. செயலாளருக்கோ ஒரே தேதி வேண்டும், அதுவும் ஓணத்துக்கு முன்பே. அப்புறம், புது வேலையும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்று ரசீதில் மலையாளத்தோடு தமிழும் கேட்டார்கள். நியாயமான ஆசைதான். முடிந்த வேலை ஏறிவருவதைக் காட்டும் பர்ன்அப் வரைபடத்தில் மொத்த வேலையைத் தனிக் கோடாகக் காட்டினால் செயலாளருக்குப் புரியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.