தாய் சரியாகச் சாப்பிடாததால் பாலில் சத்தில்லையா? 8 மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை

மையப்பணியாளர் (அங்கன்வாடி) கேட்டது:

பெண் குழந்தை. பிறந்த எடை 2.6 கிலோ. 6 மாதம் முடிந்தபோது 6.6, 7-இல் 6.7, இப்போது 8 முடிந்து 6.8. உயரம் 66.8 செ.மீ., கைச்சுற்றளவு 13.1 செ.மீ. ஒரே தராசுதான். பூஜ்யம் பார்த்து, துணியில்லாமல் போட்ட எடை. காய்ச்சல், பேதி எதுவும் இல்லை.

தாய் சைவம், முட்டையும் கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு 3 மாதம் பத்தியம்: பூண்டுக் குழம்பு, ரசம், சுட்ட அப்பளம். கீரை, பழம், தயிர் எதையும் தொடவிடவில்லை. 7-ஆம் மாதம் தொடங்கியதும் தையல் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டார். காலையில் காபி, பன். மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதம். இரவு ரசம் சாதம், அதன்மேல் உடனே ஒரு காபி. பகலில் குழந்தை பாட்டியிடம்.

"அவ தின்னாத்தானே பால்ல சத்து இருக்கும், பாலை நிறுத்திட்டு பவுடர் பால் குடுப்போம்" என்கிறார் பாட்டி. இதில் எது உண்மை, எதைச் சொல்லித் தடுப்பது? தாயின் தட்டில் உள்ளது குழந்தையின் எடையை எந்த வழியாகத் தொடுகிறது என்று தெளிவாகச் சொன்னால் வீட்டுப் பார்வையின்போது பேச வசதியாக இருக்கும்.

---

கம்பங்கூழ் (உணவியல்):

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. ஆனால் எடை நின்றதற்குக் காரணம் அந்தப் பாதி இல்லை.

பாலில் உள்ள சத்துகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்பு (கால்சியம்), இரும்பு, துத்தநாகம், ஃபோலேட் ஆகியவை தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் பெரிதாகக் குறையாது. உடம்பு தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும், எலும்பிலிருந்து சுண்ணாம்பு உட்பட. நஷ்டம் தாய்க்கு. இரண்டாவது கூட்டம் அப்படியல்ல. பி1, பி2, பி6, பி12, வைட்டமின் ஏ, அயோடின், பிறகு மீன் கொழுப்பில் இருக்கும் டிஎச்ஏ. தாயிடம் இவை குறைந்தால் பாலிலும் குறையும். சைவத் தாய் என்றதும் முதலில் யோசிக்க வேண்டியது பி12. அதை மருத்துவர் யாராவது விரிவாகச் சொல்லட்டும்.

பி1 பற்றி ஒரு சின்ன விஷயம். தீட்டிய பச்சரிசியை மட்டும் நம்பிய தாய்மாரின் குழந்தைகளுக்கு 2, 3 மாதத்தில் திடீரென்று மூச்சுத்திணறல் வந்து இறப்பு வரை போவது பெரிபெரி என்ற பி1 குறைபாட்டு நோயால். அந்த நோயை ஆராயத்தான் 1918-இல் குன்னூரில் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுவே பின்னால் ஐதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நம்மூரில் புழுங்கலரிசி காப்பாற்றியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடும், தீட்டினாலும் முழுக்கப் போகாது. ஆகவே புழுங்கலரிசிச் சோறு தின்னும் வீட்டில் இதை நினைத்துப் பதற வேண்டாம்.

பால் நிறுத்தும் பேச்சுக்கு வருகிறேன். இந்தக் குழந்தை 6 மாதம் வரை வெறும் பாலில் 4 கிலோ ஏறியிருக்கிறது. அதுவும் பத்தியத்தில் கிடந்த தாயின் பாலில். பாட்டியிடம் வளர்ச்சி அட்டையை விரித்து அந்தக் கோட்டை விரலால் காட்டுங்கள், வேறு பேச்சு தேவையில்லை. கோடு படுத்தது 6 மாதத்துக்குப் பிறகு. 6 முதல் 12 மாதம் வரை மாதம் சுமார் 300 கிராம் ஏற வேண்டிய இடத்தில் 100 தான் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவன அட்டையில் 8 மாதப் பெண்ணின் நடுக்கோடு 7.9, கழித்தல் 2 கோடு (அதற்குக் கீழே போனால் எடைக்குறைவு) 6.3. இன்னும் அதற்குக் கீழே போகவில்லை, ஆனால் 6 மாதத்தில் இருந்த வரிசையை விட்டு, கழித்தல் 1 கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. சந்தேகப்பட வேண்டியது பாலை அல்ல, குழந்தையின் சாப்பாட்டுக் கிண்ணத்தை.

தாயின் தட்டுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள உறவு சமையலறை வழியானது. தாய்க்குப் பருப்பும் கீரையும் வைக்காத வீட்டில் குழந்தைக்கென்று தனியாகப் பருப்பு வேகாது. ரசம் சாதம் தின்னும் வீட்டில் குழந்தைக்கும் ரசம் சாதம்தான்.

---

செவிலி_துணைமையம்:

அக்கா, பகலில் பாட்டி என்ன கொடுக்கிறார், எந்தக் கிண்ணத்தில், எத்தனை தடவை, மிச்சம் எவ்வளவு? "நல்லா சாப்பிடுறா" என்று சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள். கிண்ணத்தை எடுத்துவரச் சொல்லி, கொடுப்பதைக் கண்ணால் பாருங்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் 10 கிராம் மாவு போட்ட கஞ்சி. 200 மி.லி. கஞ்சியில் 40 கலோரிகூட இருக்காது. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. கொள்ளும், 6.8 கிலோவுக்குச் சுமார் 200. அந்த டம்ளரோடு வயிறு நிரம்பிவிட்டது. பாலும் குடிக்காது, வேறெதுவும் இறங்காது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கே 6–8 மாதத்தில் உணவிலிருந்து நாளுக்கு 200 கலோரி, 9–11-இல் 300 வேண்டும். பகல் பால் குறைந்திருந்தால் அதற்கும் மேல்.

சாதத்துக்கு அளவு: புழுங்கலரிசி 20 கிராம், பாசிப்பருப்பு 10 கிராம், ஒரு பிடி பரங்கி அல்லது கேரட். குழைய வேகவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, நெய் ஒரு டீஸ்பூன். சுமார் 150 கலோரி, 150 கிராம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். மிக்ஸியில் அடிக்காதீர்கள். 9, 10 மாதத்துக்குள் கட்டிகளை மெல்லப் பழகாத குழந்தை பிறகு எதைக் கொடுத்தாலும் துப்பும்.

சத்துமாவு என்றால் 25 கிராமுக்கு 150 மி.லி. தண்ணீர், 5 நிமிடம் கொதி, கடைசியில் நெய். அல்வா மாதிரி இறுகி குழந்தை விழுங்கத் திணறினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முளைகட்டி நிழலில் உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூனை, கஞ்சி விரல் பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது கலந்து 10 நிமிடம் விடுங்கள். தானாக இளகிவிடும். பிறகு ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். கொதிக்கிற கஞ்சியில் போட்டாலோ, முளைதானியத்தைச் சிவக்க வறுத்து அரைத்திருந்தாலோ இளகாது, மாவை இளக்கும் முளைதானிய நொதி செத்திருக்கும்.

பால் விஷயம். பாலின் அளவைத் தீர்மானிப்பது மார்பு எவ்வளவு காலியாகிறது என்பது. தண்ணீர் அதிகம் குடித்தால் பால் ஊறாது, தாகத்துக்குக் குடித்தால் போதும். காலையில் கிளம்பும்முன் ஒருமுறை, திரும்பிய உடனே ஒருமுறை, இரவில் கேட்கும்போதெல்லாம். வேலையிடத்தில் 3–4 மணிக்கு ஒருமுறை கையால் பீய்ச்சிவிட வேண்டும், சேமிக்க வழியில்லாமல் கொட்ட நேர்ந்தாலும் சரி. இல்லையென்றால் ஊறுவது குறையத் தொடங்கும். காலையில் பீய்ச்சி வைப்பதை ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் 4 மணி நேரத்துக்குள், சித்திரை வெயிலில் அதற்கும் முன்னால், சங்கில் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். பாட்டில் வேண்டாம்.

---

மையப்பணியாளர்:

போய்ப் பார்த்தேன். காலை 11-க்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசும்பாலில் ஊறவைத்த பிஸ்கட் 4. மதியம் ரசம் சாதம், பருப்பு இல்லை. 4 மணிக்கு மறுபடி பிஸ்கட். மையத்தில் தரும் சத்துமாவு, தாய்க்கானதும் குழந்தைக்கானதும் ஒரே டப்பாவில் கொட்டி வீடே காலைக் கஞ்சிக்குப் பயன்படுத்துகிறது. தாய் மருத்துவமனையில் கொடுத்த இரும்பு மாத்திரையை மலச்சிக்கல் என்று விட்டுவிட்டார். தாய்க்கு முதலில் எதைக் கூட்டுவது? வசதி குறைந்த வீடு.

---

கம்பங்கூழ்:

பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதம் நாளுக்கு 600, அடுத்த 6 மாதம் 520 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது 2020-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட கணக்கு. இப்போதைக்கு 520: வேர்க்கடலை 30 கிராம் (ஒரு கைப்பிடி), பால் அல்லது தயிர் 200 மி.லி., வாழைப்பழம் ஒன்று, மதியச் சோற்றோடு கூடுதலாக 30 கிராம் அரிசியும் 15 கிராம் பருப்பும். முடிந்தது. ஹார்லிக்ஸ் டப்பா வாங்கும் காசை இங்கே போடச் சொல்லுங்கள். காபியில் விழும் 50 மி.லி. பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே பருப்புதான் குழந்தைக்கும். காலையில் தாய் டப்பாவுக்கு எலுமிச்சை சாதத்துக்குப் பதில் பருப்பு சாதம் கட்டினால் பாட்டியின் பாத்திரத்தில் குழந்தைக்கான பங்கு தானாக மிஞ்சும். கொத்தமல்லி, முருங்கைக்கீரை எதுவானாலும் ஒரே குக்கரில். உப்பு போடும்முன் குழந்தைக்கு எடுத்துவிட வேண்டும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், தேன் கூடவே கூடாது.

இரவுக் காபியை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். சாப்பாட்டின் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் காபி, டீ தடுக்கும். அதற்கு நேரெதிர் எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய். பருப்பு சாதத்தின்மேல் அரை எலுமிச்சை பிழிந்தாலே வித்தியாசம் உண்டு. இரும்பு மாத்திரையை இரவு படுக்கும்முன் எடுக்கலாம். சுண்ணாம்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றையொன்று தடுக்கும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் என்பது கணக்கு, விட்டதைத் தொடர முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

---

பாலர்நலம் (குழந்தை மருத்துவம்):

இரண்டு மாதத்தில் 200 கிராம் என்றால் உணவைத் திருத்தும் அதே வாரத்தில் ஒரு மருத்துவரும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் அவசியம். காய்ச்சலே இல்லாமல் சிறுநீர்த் தொற்று எடையைப் பிடித்து வைக்கும்.

பி12: தாய் கர்ப்பத்திலேயே குறைவாக இருந்தால் குழந்தை கொஞ்ச இருப்போடுதான் பிறக்கும், பாலிலும் வராது. 6 மாதத்துக்குப் பிறகு தெரியத் தொடங்கும். பார்க்க வேண்டியவை: வெளிறிய முகம், விரல் முட்டிகளில் கருமை, மெலிந்த செம்பட்டை முடி, முகம் பார்த்துச் சிரிப்பது குறைதல், உட்கார்ந்த குழந்தை உட்காராமல் போவது, கைநடுக்கம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தும் இவை வரலாம், அதனால்தான் தவறவிடுகிறார்கள். கற்றதை மறந்தால் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே அனுப்புங்கள். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே சிகிச்சை. ஃபோலிக் அமில மாத்திரை ரத்தத்தைத் தேற்றிக் காட்டிவிடும், நரம்புக் கோளாறு உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே சைவத் தாய்க்குப் பி12 பார்க்காமல் "ரத்தம் ஏறிடுச்சு" என்று விடக்கூடாது.

இரும்பு: தாய்ப்பாலில் லிட்டருக்கு 0.3 மி.கி. அளவுதான். தாய் எத்தனை பேரீச்சை தின்றாலும் அது கூடாது. குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு 6 மாதம் வரும். பிறந்த எடை 2.6 என்றால் இருப்பும் சிறியதுதான். வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு சிரப்பை (20 மி.கி. இரும்பு) இன்றே தொடங்குங்கள். பாலில் கலக்காமல், சொட்டுக்குழாயால் கன்னத்தின் உட்புறம். மலம் கறுக்கும், பயமில்லை. வைட்டமின் டி 400 யூனிட் தினமும் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

கைச்சுற்றளவு 12.5-க்குக் கீழே வந்தால் மிதமான குறைபாடு, 11.5-க்குக் கீழே தீவிரம். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கிய பானமாக்கியதும் இரும்பு குறையக் காரணம். பிஸ்கட்டோடு சேர்த்து அதையும் நிறுத்துங்கள்.

---

ஏழாம்_சுவை:

பத்தியம் பற்றி ஒன்று. தாய் உருளைக்கிழங்கு தின்றால் குழந்தைக்கு வாயு என்பது தவறு. வாயு தாயின் குடலில் உண்டாகிறது, பாலுக்குள் போகாது. பாலுக்குள் போவது மணம். கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்த குழந்தைகள், பின்னால் கேரட் கலந்த கூழைக் குறைவாக முகம் சுளித்து ஏற்றன என்று 2001-இல் அமெரிக்காவின் மோனல் ஆய்வு மையத்தினர் காட்டினார்கள். நம் பத்தியத்தில் பூண்டு மணம் மட்டும் போகிறது, கீரையும் காயும் போவதே இல்லை. இந்தக் குழந்தை கீரையைத் துப்பினால் அதைப் பிடிவாதம் என்று எடுக்காமல் 8, 10 தடவை வெவ்வேறு நாளில் ஒரு ஸ்பூன் வைத்துப் பாருங்கள்.

மீன் சாப்பிடும் வீடுகளுக்கு: பால்சுறாப் புட்டுதான் பால் ஊறவைக்கும் என்றில்லை. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். மத்தி, நெத்திலி மலிவு, டிஎச்ஏ-வும் அதிகம்.

---

மையப்பணியாளர்:

சத்துமாவில் வெல்லம் ஏற்கனவே கலந்திருக்கிறதே, ஒரு வயதுக்குள் இனிப்பு வேண்டாம் என்றால் அதைக் கொடுக்கலாமா?

---

கம்பங்கூழ்:

கொடுங்கள். மேற்கொண்டு சர்க்கரை போடாமல் இருந்தால் போதும். ஒரு வேளை சத்துமாவு, மீதி வேளைகளில் இனிப்பில்லாத பருப்பு சாதம், வெந்த காய். டப்பா மட்டும் இரண்டாக வேண்டும். குழந்தையுடையதில் 25 கிராம் கொள்ளும் ஒரு சின்னக் கரண்டியைப் போட்டு வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த பார்வையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று திறந்தாலே தெரிந்துவிடும். எடையை 15 நாளில் ஒருமுறை பாருங்கள், மாதக் கடைசி வரை விட வேண்டாம்.