படித்தடமா, படியோட்டமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜின் (ஃபேஜ்) மரபணுக்கள் டி.என்.ஏ.வின் எந்த இழையில், எங்கே தொடங்கி எதுவரை, எந்த நிமிடத்தில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்று காட்டும் படத்துக்குச் சொல் வேண்டும். 'மரபணு வரைபடம்' போதாது. அது வயல் இருக்கும் இடத்தைச் சொல்லும், தண்ணீர் வரும் வழியைச் சொல்லாது. 'படித்தட வரைபடம்' என்று வைக்கலாமா? லாம்டா ஃபேஜில் (48,502 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்து ஜோடிகள்) ஸ்ரீவைகுண்டம் அணையில் வடகாலும் தென்காலும் பிரிவதுபோல, ஓட்டத்தைத் தடுத்துவைக்கும் அடக்கிப் புரதத்தைத் தரும் சிஐ (cI) மரபணுவின் இருபுறமிருந்தும் இரண்டு ஆர்.என்.ஏ. படிகள் கிளம்புகின்றன. தொடங்குமிடம் 'தலைமடை', முடியுமிடம் 'கடைமடை'.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, வடகாலும் தென்காலும் கடலைப் பார்த்துத்தான் போகும். லாம்டாவில் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம், இழையும் வேறு. 'தடம்' என்பதில் திசை இல்லை. வாய்விட்டுச் சொன்னால் 'படித்த இடம்' என்றும் காதில் விழுகிறது. 'படியோட்டம்' என்போம், இடவோட்டம், வலவோட்டம் என்று பிரிக்கவும் வரும்.

தலைமடை அருமை. கடைமடை வேண்டாம், அது தண்ணீர் தானாக வற்றுகிற இடம். இங்கே இருப்பது 'அடைப்பு'. லாம்டாவின் 'என்' (N) எனும் புரதம் வந்ததும் ஓட்டம் அதைத் தாண்டுகிறது. தொற்றின் பிற்பகுதியில் வரும் பிந்தைய ஓட்டமும் சுமார் 200 எழுத்தில் நின்றுவிடும். 'கியூ' (Q) எனும் புரதம் சேர்ந்தால் 20,000க்கு மேல் போகும். அது கோஸ் முனையை (லாம்டா டி.என்.ஏ.வின் இரு நுனிகளும் செல்லுக்குள் ஒட்டிக்கொள்ளும் இடம்) கடப்பதால் படத்தை வட்டமாக வரையுங்கள். நேர்கோட்டில் வரைந்தால் ஒரே ஓட்டம் இரண்டு துண்டாகத் தெரியும்.

இன்னும் இரண்டு சொல் கட்டாயம் தேவை: 'தொடக்கமுனை', 'வெட்டுமுனை'. டி7 ஃபேஜின் முந்தைய ஆர்.என்.ஏ.வை ஆர்.என்.ஏஸ் 3 என்ற வெட்டும் நொதி ஐந்து இடங்களில் வெட்டுகிறது. தொடக்கமுனையில் மூன்று பாஸ்பேட், வெட்டுமுனையில் ஒன்றே. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் இல்லாத தலைமடைகள் படத்தில் முளைக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

படியோட்டம், அடைப்பு இரண்டையும் ஏற்கிறேன். செய்முறைக் குறிப்பில் இப்படி எழுதலாம்: வெப்பத்தில் அடக்கிப் புரதம் செயலிழக்கும் லாம்டா தங்கிய பாக்டீரியாவை 30 டிகிரியில் வளர்த்து, 42க்கு மாற்றினால் எல்லாச் செல்லிலும் ஓட்டம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்து உடனே குளிர்வித்து நிறுத்த வேண்டும். பாக்டீரியச் செல்லில் தூது ஆர்.என்.ஏ. சில நிமிடங்களில் சிதைந்துவிடும். தாமதித்தால் முந்தைய ஓட்டம் மெலிந்து தெரியும். பிறகு டி.என்.ஏஸ் (டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) போட்டு ஃபேஜின் டி.என்.ஏ.வை அகற்றுங்கள். அது மிஞ்சினால் இரண்டு இழையிலும் ஓட்டம் இருப்பதாகக் காட்டும். அப்புறம் இடவோட்டம் எது, வலவோட்டம் எது என்று பிரிக்கவே முடியாது.